கணிதமும் பொருளியலும் ஒரே பட்டத்தில்: சேர்த்துப் படிப்பதா, கணிதத்தை மட்டும் படிப்பதா?

புதுமுகம் கேட்டது:

வணக்கம். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டுப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கு விண்ணப்பித்துக்கொண்டிருக்கிறேன். என் முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று தனிக் கணிதப் பட்டம், மற்றது கணிதமும் பொருளியலும் சரிபாதியாகச் சேர்ந்த கூட்டுப் பட்டம். பள்ளியில் எனக்கு மிகவும் பிடித்த பாடம் கணிதம்தான். ஒரு கணக்கு விடை தராமல் இழுத்தடித்தால் அதை விட்டு எழுந்திருக்க மனம் வராது. பொருளியலை நான் பள்ளியில் பாடமாக எடுக்கவில்லை, கடந்த ஓராண்டாகத்தான் சொந்த ஆர்வத்தில் படித்து வருகிறேன். விற்பவர் மீது விதிக்கப்பட்ட வரியில் ஒரு பங்கை வாங்குபவரும் சுமக்க நேர்கிறது என்பதையும், அந்தப் பங்கின் அளவைத் தீர்மானிப்பது தேவையின் நெகிழ்ச்சியும் அளிப்பின் நெகிழ்ச்சியுமே (விலை மாறும்போது அவை எவ்வளவு மாறுகின்றன என்பதே) தவிர வரிச் சட்டத்தில் யார் பெயர் எழுதப்பட்டிருக்கிறது என்பதன்று என்பதையும் படித்த நாளில் இந்தப் பாடத்தின் மீது ஒரு பிடிப்பு வந்துவிட்டது.

இருந்தாலும் தயக்கம் விடவில்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று ஆகிவிடுமோ என்பது முதல் பயம். பொருளியலுக்கு வரைபடம் வரையத் தெரிந்தால் போதும், இவ்வளவு கணிதம் எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்கே தெரியவில்லை. கூட்டுப் பட்டத்தின் பாடத்திட்டத்தில் மெய்ப்பகுப்பாய்வு (நுண்கணிதத்தை நிறுவல்களோடு படிப்பது), நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு என்று கணிதப் பாடங்கள் வரிசையாக இருக்கின்றன. அவற்றில் எவை பொருளியலுக்கு உண்மையாகவே பயன்படுகின்றன, எவை பெயருக்கு வைக்கப்பட்டவை என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

டெல்டா எழுதியது:

நான் இளநிலையில் கணிதமும் முதுநிலையில் பொருளியலும் படித்தவன். இப்போது இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு நுண்பொருளியல் நடத்துகிறேன். ஆகவே நான் சொல்வதில் ஒரு சாய்வு இருக்கும், அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

வரைபடம் போதும் என்பவர்கள் முதலாண்டுப் பாடத்தை மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள், அந்த அளவில் அவர்கள் சொல்வது சரிதான். இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தைச் சமநிலை என்று காட்ட ஒரு தாளும் பென்சிலும் போதும். ஆனால் ஒரு சந்தையில் விலை மாறினால் மற்றச் சந்தைகளிலும் தேவை மாறும், அங்கே விலை மாறும், அது திரும்பி வந்து முதல் சந்தையைத் தொடும். இப்படி எல்லாச் சந்தைகளும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும்போது, அத்தனையையும் ஒரே நேரத்தில் சமன்படுத்தும் விலைத்தொகுதி ஒன்று இருக்கிறது என்பதற்கு என்ன உறுதி? பொருளியலாளர் வால்ராஸ் 1874இல் இந்தக் கேள்வியைச் சமன்பாடுகளாக எழுதினார். சமன்பாடுகளின் எண்ணிக்கையும் மாறிகளின் எண்ணிக்கையும் ஒத்திருக்கின்றன என்பதற்கு மேல் அவரால் போக முடியவில்லை. எண்ணிக்கை ஒத்துப்போனால் தீர்வு இருந்தாக வேண்டும் என்பதில்லை என்று கணிதம் படிக்கும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆரோவும் டெப்ரூவும் 1954இல்தான், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, ஒரு சார்பு இடம் மாற்றாமல் விட்டுவைக்கும் புள்ளி உண்டு என்று சொல்லும் நிலைப்புள்ளித் தேற்றத்தைக் கொண்டு அதை நிறுவினர். நாஷ் 1950இல் ஆட்டக் கோட்பாட்டில் தம்முடைய சமநிலை இருப்பதைக் காட்டியதும் அதே வகைத் தேற்றத்தால்தான். வீட்டில் கேட்டால் இதைச் சொல்லுங்கள்: எண்பது ஆண்டுகள் ஒரு பாடத்தின் நடுவில் இருந்த ஓட்டையை அடைக்க, அந்தத் தேற்றத்தைத் தந்த இடத்தியல் என்ற கணிதப் பிரிவு தேவைப்பட்டது.

கொஞ்சம் கிட்டே போய் ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒருவர் இரண்டு பண்டங்களை வாங்குகிறார். முதல் பண்டத்தின் விலை 2 அலகு, இரண்டாவதன் விலை 1 அலகு, கையில் உள்ள பணம் 100 அலகு. அவருக்குக் கிடைக்கும் பயன்பாடு, வாங்கிய இரண்டு அளவுகளின் பெருக்கற்பலன் என்று வைத்துக்கொள்வோம். கட்டுப்பாட்டைப் பெருக்கி என்ற கூடுதல் எண் ஒன்றோடு சேர்த்து உச்சம் காணும் லெக்ராஞ்சி முறையில் தீர்த்தால் முதல் பண்டம் 25, இரண்டாவது 50, பயன்பாடு 1250, பெருக்கியின் மதிப்பு 25 என்று வரும். கணித வகுப்பில் விடைக்கு அடியில் கோடு போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவார்கள். பொருளியல் வகுப்பில் இங்கேதான் பேச்சே ஆரம்பிக்கும். அந்தப் பெருக்கி எதற்கு? கையில் உள்ள பணத்தை 101 ஆக்கிக் கணக்கை மறுபடி போட்டுப் பாருங்கள், பயன்பாடு 1275.125 ஆகும், அதாவது ஏறத்தாழ 25 கூடும். கட்டுப்பாடு ஓர் அலகு தளர்ந்தால் கிடைக்கும் ஆதாயத்தைத்தான் பெருக்கி சொல்லிக்கொண்டிருந்தது. இதற்கு நிழல் விலை என்று பெயர். சோவியத் கணிதவியலாளர் கண்டரோவிச் 1939இல் தொழிற்சாலைத் திட்டமிடலுக்காக நேரியல் திட்டமிடலை (நேரியல் கட்டுப்பாடுகளுக்குள் உச்சம் காணும் முறையை) வகுத்தபோது அவருக்குக் கிடைத்த பெருக்கிகளும் இந்த வேலையையே செய்தன. 1975இல் கூப்மன்ஸுடன் பொருளியல் நோபலைப் பகிர்ந்துகொண்ட இவர் பயிற்சியால் முழுக்கக் கணிதக்காரர்.

இப்போது அதே ஆளுக்குப் பயன்பாடு பெருக்கற்பலனாக இல்லாமல் கூட்டுத்தொகையாக இருக்கிறது என்று மாற்றுங்கள். முறையைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டால் பெருக்கி 1/2 என்று ஒரு சமன்பாடும், 1 என்று இன்னொரு சமன்பாடும் சொல்லும். ஒவ்வோர் ஆண்டும் விடைத்தாள் திருத்தும்போது இந்த இடத்தில் அடித்தல் திருத்தல்களைப் பார்க்கிறேன்; எப்படியாவது ஒரு விடையை வரவழைத்துவிட வேண்டும் என்ற தவிப்பு தாளில் தெரியும். உண்மையில் பணம் முழுவதையும் மலிவான பண்டத்திலேயே போட வேண்டும். உச்சம் கோட்டின் நடுவில் இல்லாமல் மூலையில் போய் உட்கார்ந்திருக்கிறது, வாங்கும் அளவு பூச்சியத்துக்குக் கீழே போகாது என்ற கட்டுப்பாட்டையும் எழுதினால்தான் அது பிடிபடும். சூத்திரத்தை மட்டும் படித்தவருக்கும், சூத்திரம் எந்த நிபந்தனையில் செல்லும் என்று படித்தவருக்கும் இங்கே வேறுபாடு தெரிந்துவிடும்.

மெய்ப்பகுப்பாய்வு பெயருக்கு வைக்கப்பட்டதா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டு பண்டங்களின் விலையும் பூச்சியத்துக்கு மேல் இருக்கும்போது, அந்த ஆள் வாங்கக்கூடிய தொகுப்புகளின் கணம் மூடியதாகவும் வரம்புடையதாகவும் இருக்கிறது. தொடர்ச்சியான சார்புக்கு அப்படிப்பட்ட கணத்தில் உச்சம் உண்டு என்பது பகுப்பாய்வின் முதல் பருவத்திலேயே வரும் தேற்றம். ஒரு விலையைப் பூச்சியமாக்கிவிட்டால் கணம் வரம்பில்லாமல் நீண்டுவிடும், தேற்றம் கைவிட்டுவிடும், மேலும் மேலும் விரும்பும் ஒருவருக்கு உச்சம் என்று ஒன்றே இருக்காது. சமநிலை நிறுவல்களில் பூச்சிய விலையைக் கண்டு ஏன் இவ்வளவு எச்சரிக்கையாக இருக்கிறார்கள் என்று பொருளியல் மட்டும் படித்த என் வகுப்புத் தோழர்களுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. பாடங்களில் முதலிடம் நேரியல் இயற்கணிதத்துக்கும் நிகழ்தகவுக்கும், அடுத்து மெய்ப்பகுப்பாய்வுக்கு. வகைக்கெழுச் சமன்பாடுகள் வளர்ச்சிக் கோட்பாட்டில் வரும். எண் கோட்பாடும் அரூப இயற்கணிதமும் அழகானவை. பொருளியலில் அவற்றை நான் தேடிப்போக நேர்ந்ததில்லை.

ஆற்றில் ஒரு கால் என்ற உங்கள் பயத்துக்கு நான் வாயால் பதில் சொல்வதைவிட, இரண்டு கேள்விகளைத் தருகிறேன். இரண்டோடும் சில நாட்கள் இருந்துவிட்டு வாருங்கள்.

கேள்வி அ: ஒருவர் இரண்டு பண்டத் தொகுப்புகளை ஒப்பிடும்போது முதல் பண்டம் எதில் அதிகமோ அதையே விரும்புகிறார், முதல் பண்டம் சமமாக இருந்தால் மட்டுமே இரண்டாவதைப் பார்க்கிறார், அகராதியில் சொற்களை அடுக்குவதைப் போல. அளவுகள் எந்த மிகை மெய்யெண்ணாகவும் இருக்கலாம். அதிகம் விரும்பும் தொகுப்புக்கு அதிக எண் என்ற வகையில், இவருடைய விருப்பங்கள் அனைத்துக்கும் மெய்யெண்களைக் கொடுத்துவிட முடியுமா?

கேள்வி ஆ: ஒரு பண்டத்தின் விலையும் விற்பனையான அளவும் நாள்தோறும் பதிவான அட்டவணை உங்களிடம் இருக்கிறது. புள்ளிகளுக்கு நடுவே மிகப் பொருத்தமான நேர்கோட்டை வரைகிறீர்கள். அது தேவைக் கோடா, அளிப்புக் கோடா? இரண்டும் இல்லையென்றால், தேவைக் கோட்டைக் கண்டுபிடிக்க உங்களுக்கு மேற்கொண்டு என்ன தெரிந்திருக்க வேண்டும்?

எதிர்க்கரை எழுதியது:

நான் கூட்டுப் பட்டமே படித்தவள், அதனால் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். டெல்டா சொன்ன கணிதம் எல்லாம் உண்மை. ஆனால் அவர் தனிக் கணிதம் படித்துவிட்டுப் பொருளியலுக்கு வந்தவர் என்பதைக் கவனியுங்கள். கூட்டுப் பட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கும்போது கிடைக்கும் அனுபவம் வேறு.

நான் படித்த இடத்தில் இரண்டு துறைகளும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. வகையிடலைக் கணிதத் துறையில் ஒரு முறையும், அதையே கொஞ்சம் நீர்த்த வடிவில் பொருளியல் துறையில் இன்னொரு முறையும் படித்தேன். மாறாக, நிகழ்தகவைக் கணிதத் துறை முடிப்பதற்கு ஒரு பருவம் முன்பே பொருளியல் துறை அதைத் தெரிந்ததாக எடுத்துக்கொண்டது. ஒரே வாரத்தில் நான்கு தேர்வுகள் வந்தபோது முறையிடப் போனால், அது அந்தத் துறையின் அட்டவணை என்று இரண்டு பக்கமும் கையை விரித்தார்கள். இரண்டாம் ஆண்டில் மெய்ப்பகுப்பாய்வு விருப்பப் பாடமாக இருந்தது. மதிப்பெண்ணுக்குப் பயந்து அதைத் தவிர்த்தேன், நிதிக் கணிதத்தை எடுத்தேன். முதுநிலைக்கு விண்ணப்பித்தபோது முதலில் கேட்கப்பட்டது பகுப்பாய்வில் நான் வாங்கிய மதிப்பெண்தான். பிறகு ஒரு கோடை முழுவதும் தனியாக உட்கார்ந்து பகுப்பாய்வு நிறுவல்களில் வரும் எப்சிலன், டெல்டாவோடு மல்லுக்கட்டினேன். (இங்கே எழுதுகிற டெல்டாவைச் சொல்லவில்லை.)

ஆகவே கூட்டுப் பட்டம் என்றால், நிறுவல் எழுதக் கற்பிக்கும் பாடங்கள் அதில் கட்டாயமாக இருக்கின்றனவா என்பதை முதலில் பாருங்கள். கணக்கிடும் முறைகளை மட்டும் வரிசையாகக் கற்பித்துவிட்டுக் கணிதம் என்று பெயர் வைத்திருந்தால், அதைவிடத் தனிக் கணிதம் படித்துக்கொண்டே பொருளியலில் நான்கைந்து தாள்களை எடுத்துக்கொள்வது மேல் என்பது என் கருத்து. கணிதத்திலிருந்து பொருளியலுக்குப் பிற்பாடு போகலாம். எதிர்த்திசையில் போவது மிகக் கடினம். பொருளியலாளர் ஆல்ஃபிரட் மார்ஷல் 1865இல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் இரண்டாமிடம் பெற்றவர், கெயின்ஸ் 1905இல் அதே தேர்வில் பன்னிரண்டாமிடம் பெற்றவர். ஆரோவின் முதுநிலைப் பட்டமே கணிதத்தில்தான். கணிதவியலாளர் ஷேப்லி ஒரு படி மேலே போய், வாழ்நாளில் ஒரு பொருளியல் வகுப்பில்கூட உட்கார்ந்ததில்லை என்று சொல்லிக்கொண்டே 2012இல் பொருளியல் நோபலை வாங்கினார். கேலும் அவரும் 1962இல் கணித இதழ் ஒன்றில் எழுதிய சில பக்கக் கட்டுரை, இன்று மாணவர்களைப் பள்ளிகளுக்கும் புது மருத்துவர்களை மருத்துவமனைகளுக்கும் ஒதுக்கும் முறைகளின் அடியில் இருக்கிறது.

இதைப் படித்துவிட்டுக் கணிதம் தெரிந்தால் பொருளியல் தானாக வந்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தத் தவற்றையும் நான் செய்தேன். முதலாண்டில் குறைந்தபட்சக் கூலி பற்றி ஒரு கட்டுரை கேட்டார்கள். போட்டிச் சந்தையில் சமநிலைக்கு மேல் கூலியை நிர்ணயித்தால் வேலைவாய்ப்பு குறையும் என்று ஒரு பக்கத்தில் நிறுவி, கீழே நிறுவல் முடிந்தது என்பதற்கான கறுப்புக் கட்டமும் போட்டுக் கொடுத்தேன். திரும்பி வந்த தாளில், 'முதலாளி ஒருவரே என்றால்?' என்று ஓரத்தில் ஒரே வரி எழுதியிருந்தது. ஓர் ஊரில் வேலை கொடுப்பவர் ஒருவர்தான் என்றால், கூலியை ஓரளவு உயர்த்துவதால் வேலைவாய்ப்பு கூடவும் செய்யலாம். அதே நுண்கணிதத்தால் அதையும் நிறுவலாம். என் நிறுவலில் பிழையே இல்லை. நான் எந்தச் சந்தையைப் பற்றிப் பேசுகிறேன் என்று கேட்டுக்கொள்ளாததுதான் பிழை. கார்டும் க்ரூகரும் நியூஜெர்சியில் கூலி உயர்ந்தபோது பக்கத்துப் பென்சில்வேனியாவோடு ஒப்பிட்டு 1994இல் எழுதிய கட்டுரையில், துரித உணவகங்களில் வேலை குறைந்ததற்கான அறிகுறி தென்படவில்லை. அதன் மீது இன்றும் வாதம் நடக்கிறது. அந்த வாதத்தைப் பின்தொடர எனக்குத் தேற்றங்கள் உதவியதைவிட, கட்டுரைகளைப் பொறுமையாகப் படித்த பழக்கம் அதிகம் உதவியது.

மார்ஷல் 1906இல் புள்ளியியலாளர் பௌலிக்கு எழுதிய கடிதத்தில், கணிதத்தைச் சுருக்கெழுத்தாக வைத்து வேலையை முடி, பிறகு சாதாரண மொழியில் எழுது, வாழ்க்கையிலிருந்து எடுத்துக்காட்டுச் சொல், அதன்பின் கணிதத்தை எரித்துவிடு என்ற பொருளில் சொல்கிறார். எரிக்கும் அளவுக்கு நான் போக மாட்டேன். சாதாரண மொழியில் எழுதும் பயிற்சி கணிதத் துறையில் கிடைக்காது என்பதற்காகவே கூட்டுப் பட்டத்தில் ஓர் ஆதாயம் உண்டு என்று ஒப்புக்கொள்கிறேன்.

மாதிரிக்கூறு எழுதியது:

மேலே இருவரும் கோட்பாட்டைப் பற்றியே பேசிவிட்டார்கள். நான் புள்ளிவிவரங்களோடு வேலை செய்கிறவன், ஆகவே என் பங்குக்கு, தரவைக் கொண்டு பொருளியல் உறவுகளை அளக்கும் பொருளியல் அளவையியலைப் பற்றிச் சில வரிகள்.

தரவுக்கு மிகப் பொருத்தமான கோட்டைக் கண்டுபிடிக்கும் மீச்சிறு வர்க்க முறையைப் பொருளியல் வகுப்பில் கூட்டல் குறிகளின் காடாகக் கற்பிப்பார்கள். நேரியல் இயற்கணிதம் தெரிந்தவருக்கு அது ஒரே படம்: தரவு ஒரு வெக்டர், விளக்க மாறிகள் விரிக்கும் தளம் ஒன்று, அந்தத் தளத்தின் மீது வெக்டரின் செங்குத்து வீழல். எஞ்சிய பகுதி தளத்துக்குச் செங்குத்தாக நிற்பதால்தான் எஞ்சியவற்றுக்கும் ஒவ்வொரு விளக்க மாறிக்கும் உள்ள பெருக்கற்கூட்டுத்தொகை பூச்சியமாகிறது. பல மாறிகள் உள்ள சமன்பாட்டில் ஒரு கெழுவை மட்டும் தனியே எடுக்க, மற்ற மாறிகளின் செல்வாக்கை இரு பக்கமும் கழித்துவிட்டு மீதியை மீதியோடு பொருத்தினால் போதும் என்று ஃப்ரிஷும் வாவும் 1933இல் காட்டியதை, இந்தப் படம் மனத்தில் இருந்தால் சூத்திரமே இல்லாமல் புரிந்துகொள்ளலாம். கூட்டுப் பட்ட மாணவர்கள் மற்றவர்களை முந்திப்போவதை நான் பார்த்த இடம் இதுதான்.

பைத்தான் அல்லது ஆர், ஏதாவது ஒன்றை முதலாண்டு விடுமுறையிலேயே பழகிக்கொள்ளுங்கள். அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

புதுமுகம் மீண்டும் எழுதியது:

மூவருக்கும் நன்றி. டெல்டா தந்த கேள்விகளோடு நான்கு நாட்கள் இருந்தேன். நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

கேள்வி அ எனக்குப் பிடித்துப்போகும், ஆ சலிப்பூட்டும் என்று நினைத்தேன். அ-வை அரை மணி நேரத்தில் முடித்துவிட்டேன். முடியாது என்பதே என் விடை. ஏனென்றால் தொகுப்புகள் ஒரு தளம் முழுவதையும் நிரப்புகின்றன. தளத்தில் உள்ள புள்ளிகள் கோட்டில் உள்ள புள்ளிகளைவிட அதிகம். எனவே ஒவ்வொரு தொகுப்புக்கும் தனி எண் கொடுக்க எண்கோட்டில் இடம் போதாது.

ஆ-வைத்தான் விட முடியவில்லை. விலை கூடினால் விற்பவர் அதிகம் கொண்டுவருவார் என்பதால் அளிப்புக் கோடாக இருக்கலாம் என்று முதலில் நினைத்தேன். பிறகு, ஒவ்வொரு நாளின் புள்ளியும் அந்த நாளுக்கான இரண்டு கோடுகளும் வெட்டிக்கொண்ட இடம் என்பது உறைத்தது. இரண்டு கோடுகளும் தினமும் இடம்பெயர்ந்துகொண்டிருந்தால் புள்ளிகள் மேகம்போலச் சிதறிக் கிடக்கும், நடுவில் வரையும் கோட்டுக்கு எந்தப் பொருளும் இருக்காது. தேவைக் கோடு அசையாமல் நிற்க அளிப்புக் கோடு மட்டும் அங்குமிங்கும் நகர்ந்தால், வெட்டும் புள்ளிகள் எல்லாம் தேவைக் கோட்டின் மீதே விழும். ஆகவே அளிப்பை மட்டும் அசைக்கக்கூடிய ஏதோ ஒன்றின் பதிவும் வேண்டும். மீனை எடுத்துக்கொண்டேன். கடலில் அலை உயர்ந்தால் வரத்து குறையும். மீன் வாங்க வருபவருக்கு நடுக்கடலின் அலையைப் பற்றி என்ன கவலை? அலையின் உயரத்தையும் சேர்த்துப் பதிவு செய்திருந்தால் தேவைக் கோட்டைப் பிடித்துவிடலாம் என்று தோன்றுகிறது. இது சரியா?

டெல்டா எழுதியது:

அ-வில் விடை சரி, காரணம் தவறு. தளத்தில் உள்ள புள்ளிகளும் கோட்டில் உள்ள புள்ளிகளும் எண்ணிக்கையில் சமம் என்று கேன்டர் 1878இலேயே காட்டிவிட்டார். ஆகவே ஒவ்வொரு தொகுப்புக்கும் தனித்தனி எண் கொடுக்க எண்கோட்டில் தாராளமாக இடம் இருக்கிறது. சிக்கல் வரிசையைக் காப்பாற்றுவதில்தான். முதல் பண்டத்தின் ஒவ்வோர் அளவுக்கும் இரண்டு தொகுப்புகளை எடுங்கள், ஒன்றில் இரண்டாம் பண்டம் 1, மற்றொன்றில் 2. பின்னது அதிகம் விரும்பப்படுவதால் அவற்றின் எண்களுக்கு நடுவே ஓர் இடைவெளி இருக்க வேண்டும், அந்த இடைவெளிக்குள் ஒரு விகிதமுறு எண் இருக்கும். முதல் பண்டத்தின் அளவு வேறாக இருந்தால் இடைவெளிகள் ஒன்றன்மேல் ஒன்று விழாது. ஆகவே அந்த விகிதமுறு எண்களும் வேறு வேறாக இருக்க வேண்டும். முதல் பண்டத்தின் அளவுகளோ எண்ணிட முடியாதவை (1, 2, 3 என்று ஒரே வரிசையில் அடுக்க முடியாதவை), விகிதமுறு எண்களோ எண்ணிடத்தக்கவை. முரண்பாடு. டெப்ரூ 1954இல் காட்டிய எடுத்துக்காட்டு இது. பயன்பாட்டுச் சார்பு என்று எழுதும்போதே விருப்பங்களுக்கு ஒரு வகைத் தொடர்ச்சி இருப்பதாக எடுத்துக்கொள்கிறோம் என்பது இதிலிருந்து தெரிகிறது. எதிர்க்கரை சொன்ன கட்டாயப் பகுப்பாய்வு ஏன் வேண்டும் என்பதற்கும் உங்கள் அரை மணி நேர விடையே சான்று, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஆ-வில் நீங்கள் கண்டுபிடித்தது கருவி மாறி முறை; ஒரு கோட்டை மட்டும் அசைக்கும் உங்கள் அலை உயரம் போன்றதுதான் கருவி. பிலிப் ரைட் 1928இல் இறக்குமதி வரி பற்றி எழுதிய நூலின் பின்னிணைப்பில் இதே வாதம் இருக்கிறது, கிட்டத்தட்ட நீங்கள் சொன்ன வரிசையிலேயே. நியூயார்க்கின் ஃபுல்டன் மீன் சந்தைத் தரவைக் கொண்டு செய்யப்பட்ட ஆய்வில் கடல் வானிலையே கருவியாகவும் நின்றது. ஆனால் உங்கள் வாதத்தில் ஒரு கண்ணி தளர்ந்திருக்கிறது. கடலில் அலையை எழுப்பும் காற்று கரைக்கும் மழையைக் கொண்டுவந்தால்? மழை நாளில் உணவகங்களுக்கு ஆள் வராது, உணவகக்காரர்கள் மீனைக் குறைத்து வாங்குவார்கள், தேவைக் கோடும் நகர்ந்துவிடும். இதை எப்படிச் சமாளிப்பீர்கள்? மாதிரிக்கூறின் பதிலில் விடைக்கான நுனி இருக்கிறது.

புதுமுகம் மீண்டும் எழுதியது:

கரையின் மழையையும் ஒரு மாறியாகச் சேர்த்து, அதன் செல்வாக்கை விலை, அளவு, அலை மூன்றிலிருந்தும் முதலில் கழித்துவிட வேண்டும். மீதமுள்ள அலைக்கும் மழைக்கும் தொடர்பு இருக்காது. அலைக்கும் மழைக்கும் உள்ள பொருத்தம் முழுமையாக இருந்துவிட்டால் கழித்தபின் எதுவும் மிஞ்சாது என்பதும் புரிகிறது. கரை வெயிலாகவும் கடல் கொந்தளிப்பாகவும் இருந்த நாட்கள் தரவில் போதுமான அளவு இருக்க வேண்டும்.

அ-வின் நிறுவலைத் திருத்தி எழுதிவிட்டேன். கூட்டுப் பட்டத்தின் பாடத்திட்டத்தையும் மறுபடி எடுத்துப் பார்த்தேன். மெய்ப்பகுப்பாய்வு இரண்டாம் ஆண்டில் விருப்பப் பாடமாகத்தான் இருக்கிறது. அதன் நேரமும் பொருளியல் அளவையியலின் நேரமும் மோதவில்லை. இரண்டையும் எடுப்பதென்று வைத்துக்கொண்டு அதற்கே விண்ணப்பிக்கிறேன்.

டெல்டா எழுதியது:

வெயிலும் கொந்தளிப்பும் சேர்ந்த நாட்கள் வேண்டும் என்று சொன்னீர்களே, அதுதான் விடை. ஃபுல்டன் ஆய்விலும் கரையின் வானிலையைத் தனி மாறிகளாகச் சேர்த்திருக்கிறார்கள்.